ஓர் இயக்குநர், இரண்டு தடைகள்: கொழும்பு 2000, சென்னை 2014

2000 ஜூலையில் இலங்கையின் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்கு, அதன் பொறுப்பமைச்சராக இருந்த சரத் அமுனுகமவிடமிருந்து ஓர் அறிவுறுத்தல் வந்தது. பிரசன்ன விதானகே இயக்கிய ‘புரஹந்த களுவர’ என்ற சிங்களப் படத்தை, வடக்கு கிழக்கில் பாதுகாப்பு நிலைமை சீரடையும்வரை வெளியிடாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். தணிக்கைச் சபை அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்து அனுமதித்திருந்தது. 1997இல் எடுத்து முடிக்கப்பட்டு, அயல்நாட்டு விழாக்களில் மூன்று ஆண்டுகளாகத் திரையிடப்பட்டுப் பரிசுகளும் பெற்றிருந்த படம் அது. சொந்த நாட்டுத் திரையரங்குக்கு வரும் தறுவாயில், முடிவுத் தேதி இல்லாத ஓர் ஒத்திவைப்பால் அது முடக்கப்பட்டது. போர் முடியும் நாள் எதுவென்று யாருக்கும் தெரியாத நாட்டில், நிலைமை சீரடையும்வரை என்று சொல்வது எப்போதும் இல்லை என்று சொல்வதற்கு நிகர்தான்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2014 ஜூனில், அதே இயக்குநரின் வேறொரு படம் சென்னையில் திரைக்கு வந்த வேகத்திலேயே எடுக்கப்பட்டது. இம்முறை அமைச்சரும் இல்லை, அறிவுறுத்தலும் இல்லை. சிங்கள இயக்குநரின் படம் தமிழ்நாட்டில் ஓடக் கூடாது என்ற எதிர்ப்பும் மிரட்டலும் அந்த வேலையைச் செய்து முடித்தன. ஒரே கலைஞர் போரின் இரு கரைகளிலும் தடைபட்டார் என்று சொல்லி அவருக்காக வருந்துவதோடு பலரும் இந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது, இரண்டு தடைகளும் எந்த வழியாக நடந்தேறின என்பதும், தடைபட்டவருக்கு எந்த வாசல் திறந்திருந்தது என்பதும்தான். கொழும்பில் அவர் வழக்குப் போட்டு வென்றார். சென்னையில் யார் மீது வழக்குப் போடுவது என்ற கேள்விக்கே விடை இல்லை.

படம் சொன்னதும் சொல்லாததும்

‘புரஹந்த களுவர’ ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் நிதியுதவியோடு உருவானது. கதை நடப்பது வறண்ட வலயத்துக் குளக்கரைக் கிராமம் ஒன்றில். வன்னிஹாமி பார்வையற்ற முதியவர். அவருடைய ஒரே மகன் பண்டார ராணுவத்தில் சேர்ந்திருக்கிறான். மழை பொய்த்துக் குளம் வற்றிய ஊரில், அரைகுறையாக நிற்கும் வீட்டையும் தங்கையின் திருமணத்தையும் முடித்துவைக்க அவனுடைய சம்பளத்தைத் தவிர வேறு வழி இல்லை. ஒருநாள் முத்திரையிட்ட சவப்பெட்டி வீட்டுக்கு வருகிறது. அதைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. ஊர் கூடிச் சடங்கு செய்து புதைக்கிறது. பிறகு மகன் எழுதிய கடிதம் ஒன்று வந்து சேர்கிறது. முன்னே எழுதிப் பிந்தி வந்த கடிதம் என்று ஊர் எடுத்துக்கொள்கிறது. தந்தை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இழப்பீட்டுப் பணத்துக்கான படிவம் வருகிறது. அதில் அவர் ஒப்பமிட்டால் வீடு எழும்பும், கடன் அடையும், மகள் கரையேறுவாள். அவர் மறுக்கிறார். படத்தின் நாடகம் முழுவதும் இந்த மறுப்பில்தான் அடங்கியிருக்கிறது. அவர் போருக்கு எதிராக ஒரு சொல்லும் பேசுவதில்லை, அரசைத் திட்டுவதில்லை, மகன் உயிரோடு இருக்கிறான் என்று யாரிடமும் வாதாடுவதுமில்லை. அந்தத் தாளில் தன் அடையாளத்தை இடமாட்டேன் என்கிறார், அவ்வளவுதான். மகள், அவளை மணக்கக் காத்திருப்பவன், கடன் கொடுத்தவர், கிராம அலுவலர் என்று ஒவ்வொருவரும் தத்தம் நியாயத்தோடு வந்து நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. இறந்த சிப்பாயின் பணம் அந்த ஊரின் பொருளாதாரத்துக்குள் எப்படிக் கலந்துவிட்டது என்பதை அந்த நல்லவர்களின் வற்புறுத்தலே காட்டிவிடுகிறது.

கடைசியில் கிழவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போகிறார். கண் தெரியாதவர் குழியின் விளிம்பைக் கையால் தடவித் தெரிந்துகொண்டு தோண்டும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பின்னணி இசையைத் தூக்கிவிட்டு அழவைக்கும் வேலையை இயக்குநர் செய்யவில்லை. வயதான உடம்பு மண்ணோடு மல்லுக்கட்டும் சிரமத்தை அதற்குரிய நேரம் கொடுத்துப் பார்க்கவைக்கிறார். பெட்டி திறக்கப்படுகிறது. உள்ளே இருப்பவை வாழைத்தண்டும் கற்களும்.

அந்த முடிவைத் தந்தை வென்றதாகப் படம் காட்டவில்லை. பெட்டியில் மகன் இல்லை என்பதற்கு மகன் உயிரோடு இருக்கிறான் என்று பொருள் கிடையாது. உடல் கிடைக்காத அளவுக்குச் சிதைந்திருக்கலாம், போர்க்களத்திலேயே கைவிடப்பட்டிருக்கலாம், பிடிபட்டிருக்கலாம். அரசு கையளித்த உறுதி பொய் என்பது மட்டும் நிரூபணமாகிறது. அதற்கு மாற்றாக வேறு உறுதி கிடைக்கவில்லை. இழப்பீடும் போய்விட்டது. இந்த இடத்தில் நின்றுவிட்டதுதான் படத்தின் நேர்மை என்று நான் கருதுகிறேன். பையன் திரும்பி வந்து கதவைத் தட்டியிருந்தால் அது வேறொரு படம். அதை எந்த அமைச்சரும் நிறுத்தியிருக்க மாட்டார்.

வன்னிஹாமியாக நடித்தவர் ஜோ அபேவிக்ரம. சிங்களத் திரையில் நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்று, பிறகு குணச்சித்திர வேடங்களில் உச்சம் தொட்டவர். இந்த வேடத்துக்காக 1999இல் சிங்கப்பூர் சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். மக்களைப் பல ஆண்டுகள் சிரிக்கவைத்த ஒரு முகம் அசையாமல் நின்று ஊரையே எதிர்க்கும்போது, சிங்களப் பார்வையாளருக்கு அதில் கிடைத்திருக்கக்கூடிய அதிர்ச்சியை வெளியில் இருக்கும் நாம் முழுமையாக உணர முடியாது.

ஏன் அந்த ஜூலையில்?

படத்தில் போர்க்களக் காட்சி ஒன்றுகூட இல்லை. துப்பாக்கி வெடிப்பதில்லை. ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. அப்படியிருக்க, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதை நிறுத்தியது ஏன் என்பதற்கு விடை தேட, படத்துக்கு வெளியே நடந்தவற்றைப் பார்க்க வேண்டும்.

1996 ஜூலையில் முல்லைத்தீவு ராணுவ முகாமை விடுதலைப் புலிகள் வீழ்த்தியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் மாண்டார்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு அடையாளம் காணத்தக்க உடல் கிடைக்கவில்லை. போர் நடவடிக்கையில் காணாமற்போனவர் என்ற வகைப்பாடு தெற்கின் கிராமங்களில் அன்றாடப் பேச்சாகிவிட்டது. முத்திரையிட்ட பெட்டியைப் பற்றிய ஐயம் விதானகேயின் கற்பனையில் முளைத்ததன்று; எத்தனையோ வீடுகளில் வெளியே சொல்லாமல் அடக்கிவைத்திருந்த ஐயம். 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் பெருந்தளமும் வீழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த பல்லாயிரம் படையினரை எப்படி மீட்பது என்று அரசு தவித்த வாரங்கள் அவை. மே மாதத் தொடக்கத்தில் கடுமையான அவசரகால ஒழுங்குவிதிகள் பிறப்பிக்கப்பட்டன. போர்ச் செய்திகளை அச்சுக்கு முன்பே பார்வையிட ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ ஒருவர் நியமிக்கப்பட்டார். அதே மாதத்தில் யாழ்ப்பாணத்தின் ‘உதயன்’ நாளிதழும், கொழும்பின் ஆங்கில வார இதழான ‘சண்டே லீடர்’ அச்சிடப்பட்ட அச்சகமும் மூடப்பட்டன. லீடர் வழக்கில், அந்த அதிகாரியின் நியமனம் சட்டப்படி செல்லாது என்று ஜூன் 30ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அது வந்த அடுத்த மாதத்தில்தான் இந்தப் படம் நிறுத்தப்பட்டது.

இன்னொரு பக்கம், படைகளிலிருந்து ஓடிப்போனவர்களின் எண்ணிக்கை பல்லாயிரங்களில் இருந்தது. திரும்பி வந்தால் தண்டனை இல்லை என்று பொதுமன்னிப்பு அறிவிப்புகள் அடிக்கடி வந்தன. ஆள்சேர்ப்பு விளம்பரங்களும் ஓயவில்லை. ஓடிப்போனவர்களில் பெரும்பாலோர் எந்தக் கொள்கைப் பிரகடனமும் செய்யாத கிராமத்து இளைஞர்கள். விடுப்பில் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அந்த நாட்டில் போரை மறுத்தவர்களின் மிகப் பெரிய கூட்டம் அதுதான். அதற்குத் தலைவரும் இல்லை, துண்டறிக்கையும் இல்லை. வன்னிஹாமியின் மறுப்பும் அதே வகையைச் சேர்ந்தது. மேடையில் பேசும் எதிர்ப்பாளரைத் துரோகி என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடலாம். மகனைப் படைக்கு அனுப்பிய, பௌர்ணமி தவறாமல் விகாரைக்குப் போகக்கூடிய, அரசியல் பேசாத ஒரு கிழவரை அப்படி ஒதுக்க முடியாது. ஆள்சேர்ப்பு நம்பியிருந்ததே அவரைப் போன்ற தந்தைகளைத்தான். படத்தின் ஆபத்தை அமைச்சர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன். சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்.

வழக்கின் உள்ளமைப்பு

இலங்கையில் ஒரு படத்தைச் சட்டப்படி நிறுத்த வேண்டுமானால், 1912ஆம் ஆண்டுக் காலனிய காலக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் தணிக்கைச் சபைதான் அதைச் செய்ய வேண்டும். அந்தச் சபையோ அனுமதி கொடுத்துவிட்டது. எனவே அதைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழி தேவைப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட அரசுத் திரைப்படக் கூட்டுத்தாபனம், படங்களின் விநியோகத்தைத் தன் கையில் வைத்திருந்தது. எந்தப் படம், எந்தத் தேதியில், எத்தனை அரங்குகளில் என்பதை அது தீர்மானித்தது. உள்ளூர் சினிமாவைக் காப்பதற்காக ஏற்பட்ட அந்த ஏற்பாடு, தணிக்கையாளரின் துணையே இல்லாமல் ஒரு படத்தை நிறுத்தும் வசதியை அரசுக்குக் கொடுத்துவிட்டது. குழாய் முழுவதையும் அடைக்க வேண்டியதில்லை, திருகைத் திருப்பினால் போதும். அமைச்சர் திருப்பியது அதைத்தான்.

விதானகே, நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். இலங்கை அரசமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, நிர்வாகத்தின் நடவடிக்கையால் உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் நேரடியாக அந்த நீதிமன்றத்தை அணுகலாம். பேச்சு, கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தை 14ஆம் உறுப்புரை உறுதி செய்கிறது. அந்தச் சுதந்திரத்தைத் தேசப் பாதுகாப்புக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. அவசரகால ஒழுங்குவிதிகளையும் அது சட்டமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதால், அரசுக்கு இங்கே தாராளமான இடம் இருந்தது. அந்தத் தாராளத்தையும் மீறியதுதான் அமைச்சரின் அறிவுறுத்தல். அமைச்சரின் விருப்பம் சட்டமாகாது. படத்தைப் பார்த்து, காரணம் எழுதி, இன்ன விதியின் கீழ் என்று குறிப்பிட்டுத் தடை செய்திருந்தால் வழக்கு இன்னும் கடினமாகியிருக்கும்.

2001இல் தீர்ப்பு விதானகேவுக்குச் சாதகமாக வந்தது. அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. படத்தை வெளியிட வழிசெய்யும்படி பணித்தது. 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்க உத்தரவிட்டது. போர் நடந்துகொண்டிருந்தபோதே வந்த தீர்ப்பு என்பதை மறக்கக் கூடாது. இலங்கையின் நீதித்துறையைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்வதற்குக் கசப்பான பலவும் உண்டு. இருந்தாலும் இந்த ஒன்றை அதன் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

வெற்றிக்கு ஓர் எல்லையும் உண்டு. ஏறக்குறைய ஓராண்டு போயிற்று. ஆனையிறவு வீழ்ந்து, எல்லோர் நெஞ்சிலும் அது கனத்துக்கொண்டிருந்த மாதங்களில், தேர்தலும் நடந்த அந்த ஆண்டில், படம் பேச வேண்டிய பேச்சு பேசப்படவில்லை. தாமதிக்க வைத்ததே அரசுக்குப் பாதி வெற்றி. பண இழப்பீடு அந்த மாதங்களைத் திருப்பித் தராது.

அடுத்த சில ஆண்டுகளில் தடை செய்யும் விதம் மாறிப்போனதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 2005இல் விமுக்தி ஜயசுந்தரவின் ‘சுலங்க எனு பினிச’ கான் விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருதைப் பகிர்ந்துகொண்டது. நாடு திரும்பிய அந்தப் படத்தை யாரும் ஆணையிட்டுத் தடுக்கவில்லை. கடற்படையின் மூத்த அதிகாரி ஒருவர், போரின் வெறுமையைக் காட்டும் இயக்குநர்களைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார், மிரட்டல்கள் வந்தன, படம் திரையரங்குகளிலிருந்து அகன்றது. உத்தரவு எழுதினால் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை அரசு 2001இல் கற்றுக்கொண்டது என்று சொன்னால் அது என் ஊகம்தான். ஆனால் நிகழ்வுகளின் வரிசை அந்த ஊகத்துக்கு இடங்கொடுக்கிறது.

வடக்கில் அதே படிவம்

‘புரஹந்த களுவர’வில் தமிழருக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சிங்களச் சிப்பாயின் தந்தைக்காக நாம் ஏன் உருக வேண்டும் என்பது கேள்வி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் முன்றலில் பந்தல் போட்டு உட்கார்ந்த தாய்மார்களையும், வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதைத் தொடர்ந்தவர்களையும் நினைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்த்தால் கேள்வியே மாறிவிடும். இறுதிப் போரில் ராணுவத்திடம் கையளித்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டவர்களுக்கு அரசு நீட்டியவை தாள்கள்தாம். 2016இல் திருத்தப்பட்ட சட்டம், இறந்தவர் என்று சொல்லாமல் காணப்படாதவர் என்று சான்றளிக்க வழி செய்தது. 2020இல் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றும், விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் ஐநா பிரதிநிதியிடம் சொன்னார். பிறகு இழப்பீட்டுத் தொகை பற்றிய அறிவிப்புகள் வந்தன. வேண்டாம் என்றார்கள் தாய்மார்கள். மரணச் சான்றிதழும் வேண்டாம், காசும் வேண்டாம்; யாரிடம் ஒப்படைத்தோமோ அவர்கள் பதில் சொல்லட்டும் என்றார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த பலர் விடை தெரியாமலே இறந்துபோனார்கள்.

இரண்டு துயரங்களும் ஒரே எடை கொண்டவை என்று நான் சொல்லவில்லை. சிப்பாயின் தந்தைக்கு அரசு பெட்டியும் கொடியும் ஓய்வூதியமும் கொடுத்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. ஒற்றுமை வேறோரிடத்தில் இருக்கிறது. மரணத்தைத் தாளில் முடித்துக் கோப்பை மூட விரும்பும் அரசும், கோப்பை மூடவிடாமல் உட்கார்ந்திருக்கும் முதியவர்களும் இரு பக்கமும் இருக்கிறார்கள். விதானகே அதை 1997இலேயே ஒரு படிவத்தின் வடிவில் கண்டுகொண்டார்.

சென்னை, 2014

சென்னையில் தடைபட்ட படம் ‘ஒப நெதுவ ஒப எக்க’. 2012இல் முடிந்தது. தஸ்தயேவ்ஸ்கியின் கதை ஒன்றை இலங்கை மலையகத்து நகரம் ஒன்றுக்குக் கொண்டுவந்து தழுவியது. சரத்சிறி அடகுக்கடை வைத்திருக்கும் சிங்களவர், கஞ்சர், அதிகம் பேசாதவர். நகைகளை அடகு வைக்க வரும் வட இலங்கைத் தமிழ்ப் பெண் செல்வியை மணக்கிறார். அவர் முன்னாள் சிப்பாய் என்பதும், தமிழ்ப் பெண்ணொருத்திக்குக் கொடுமை இழைத்த சக சிப்பாய்களைக் காப்பாற்றப் பொய்ச்சாட்சி சொன்னவர் என்பதும் பிறகுதான் செல்விக்குத் தெரியவருகிறது. அன்பாக நடந்துகொள்வதால் அந்தக் குற்றம் கரையுமா என்பதே படம். கரையாது என்பதே அது தரும் விடை; மன்னிப்புக் கேட்டு மண்டியிடும் கணவனோடு செல்வியால் வாழ முடிவதில்லை. செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீலுக்கு 2012 கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளி மயில் விருது கிடைத்தது. படத்தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத். தமிழ்ப் படங்கள் பலவற்றைத் தொகுத்தவர்.

இந்தியத் திரையரங்குகளில் ஒரு படம் ஓட வேண்டுமானால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். இந்தப் படம் அதோடுதான் வந்தது. 2014 ஜூனில் வேறு சில நகரங்களில் ஓடியது. சென்னையில் மட்டும், மிரட்டல்கள் வந்ததும், திரையிட்ட நிறுவனம் காட்சிகளை விலக்கிக்கொண்டது.

எதிர்ப்பாளர்களின் கோபம் வெறுங்கையில் பிறந்ததில்லை என்பதைச் சொல்லாமல் இந்த நிகழ்வை ஆராய முடியாது. 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததைத் தமிழ்நாடு கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருந்தது. 2013 தொடக்கத்தில், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் பாலச்சந்திரன் காவலில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும் படமும், பிறகு மார்பில் குண்டு துளைத்துக் கிடக்கும் படமும் வெளிவந்தன. கல்லூரிகள் கொதித்தன. அந்த மார்ச்சில் ஈழம் குறித்த பொதுவாக்கெடுப்புக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. சென்னையில் நடக்கும் ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், ஈழப் போரைப் பின்னணியாகக் கொண்ட இந்திப் படமான ‘மெட்ராஸ் கஃபே’ தமிழ்நாட்டில் வெளியாகவில்லை. 2014 மார்ச் இறுதியில் சந்தோஷ் சிவனின் ‘இனம்’ வெளியான சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. விதானகேயின் படம் வந்தது அந்த வரிசையில்.

எதிர்ப்பாளர்களிடம் இருந்த வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. இனப்படுகொலைக்கு நீதி கிடைக்காத நிலையில், சிங்களக் கணவனும் தமிழ் மனைவியுமாக நல்லிணக்கக் கதைகளை உலக விழாக்களில் உலவவிடுவது, இலங்கை அரசுக்குப் பண்பாட்டு முகமூடி மாட்டிவிடுவதாகும் என்பது அது. அரசின் பணத்தில் எடுக்கப்படும் பிரசாரப் படத்துக்கு அந்த வாதம் முற்றிலும் பொருந்தும். இந்தப் படத்துக்குப் பொருந்தவில்லை. ஏனென்றால் இது நல்லிணக்கத்தைக் கொண்டாடும் படமே இல்லை. சிங்களச் சிப்பாய் ஒருவன் நீதிமன்றத்தில் பொய் சொன்னான் என்று சிங்களப் பார்வையாளரிடம் சிங்களத்தில் சொன்ன படம். தமிழ்நாட்டில் அதை ஓடவிட்டிருந்தால் எதிர்ப்பாளர்களின் வழக்குக்கே அது சாட்சியாகியிருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு ‘போதாது’ என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. நானும் சிலவற்றில் போதாது என்பேன்: செல்வியின் மனம் நமக்குக் கணவனின் கண் வழியாகவே பெரும்பாலும் கிடைக்கிறது, அவள் குடும்பம் எதை இழந்தது என்பது ஓரிரு வாக்கியங்களில் கடந்துபோகிறது. அந்த விவாதத்துக்கு முதல் தேவை படம் திரையில் இருப்பது.

விதானகே தமிழர் தரப்பைச் சொறிந்துகொடுத்துப் படம் எடுப்பவரும் அல்லர் என்பதற்கு 2003இல் வந்த ‘இர மதியம’ சான்று. அதன் மூன்று கதைகளில் ஒன்று, 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதைப் பற்றியது. ஊரைவிட்டுப் போகும் குடும்பத்தின் சிறுவன் அரபாத்துக்குத் தன் நாயை விட்டுவிட்டுப் போக மனமில்லை; பெரியவர்களுக்கோ உயிரே பெரிதாக இருக்கிறது. தமிழ்ப் பார்வையாளர் உட்கார்ந்த இடத்தில் நெளிய வேண்டிய காட்சிகள் அவை. சிங்களப் படைகளைப் பற்றிக் கேள்வி கேட்டவரே இதையும் கேட்டார் என்பதால்தான் இரு தரப்பும் அவரைத் தங்கள் ஆள் என்று உரிமை கொண்டாட முடியவில்லை.

யார் பதில் சொல்வது?

இந்தியச் சட்டத்தில் சென்னை நிகழ்வுக்கு நேரடியாகப் பொருந்தும் முன்மாதிரி ஒரு தமிழ்ப் படத்தால் கிடைத்தது என்பது வேடிக்கை. இட ஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மேல்முறையீட்டில், 1989இல், டெல்லி உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. படம் ஓடினால் கலவரம் வரும் என்று தமிழ்நாடு அரசு வாதிட்டது. கலவரத்தை அடக்குவது அரசின் கடமை. ஆர்ப்பாட்டத்துக்கும் வன்முறை மிரட்டலுக்கும் அஞ்சிக் கருத்துச் சுதந்திரத்தை முடக்குவது சட்டத்தின் ஆட்சியையே கைவிடுவதாகும் என்று நீதிமன்றம் கூறியது. இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் தீர்ப்பு யாரை நோக்கிப் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். அது அரசை நோக்கிப் பேசுகிறது. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தை மாவட்ட ஆட்சியர்கள் 144ஆம் பிரிவின் கீழ் நிறுத்தியபோது, கையில் உத்தரவு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. தனி நீதிபதி தடையை நீக்கினார், மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு மறுபடி விதித்தது, கடைசியில் பேச்சுவார்த்தையில் சில வெட்டுகளோடு படம் வெளிவந்தது. முடிவு திருப்தியானதோ இல்லையோ, வாதாட ஓர் இடம் இருந்தது. விதானகேவுக்கு 2000இல் கொழும்பில் இருந்ததும் அதுவே: அமைச்சர் என்ற எதிர்மனுதாரர், கூட்டுத்தாபனம் என்ற எதிர்மனுதாரர், மீறப்பட்ட உறுப்புரை, மனுவுக்கு ஒரு மாத அவகாசம்.

2014 சென்னைக்கு அப்படி எதுவும் இல்லை. அரசு எந்த உத்தரவும் போடாதபோது ரிட் மனுவில் ரத்து செய்யக் கோருவது எதை? மிரட்டியவர்கள் மீது குற்றப் புகார் கொடுக்கலாம். கொடுக்க வேண்டியவர் மிரட்டப்பட்ட திரையரங்கத்தார். பாதுகாப்புக் கேட்டுக் காவல்துறையை எதிர்மனுதாரராகச் சேர்த்து மனுப் போடலாம். அதற்கும் முதலில், பாதுகாப்புக் கொடுத்தால் திரையிடுவேன் என்று அவர் சொல்ல வேண்டும். பிற நகரங்களில் சில அரங்குகளில் மட்டும் ஓடும் ஒரு சிங்களப் படத்துக்காக, கண்ணாடிக் கதவும் பாப்கார்ன் கடையும் வைத்திருக்கும் வணிக வளாக அரங்கொன்று அந்தச் சண்டைக்கு இறங்காது. அதில் வரும் வருமானம் உடைந்த கண்ணாடிக்கே போதாது. காட்சியை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவது அந்த நிறுவனத்தின் சொந்த வணிக முடிவு என்றே பதிவேட்டில் நிற்கும். வாங்கிய சீட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பார்வையாளருக்கும் அதன் மீது கோரிக்கை மிஞ்சாது.